இரண்டு இடத்திலும் என் கையெழுத்து

அன்புள்ள என் பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல, எனக்கு வலி என்று காட்டும்படி உடம்பில் ஒன்றும் இல்லை. போன ஞாயிறுதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய், பயப்படாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். இன்று சாயங்காலம் நீ கூப்பிடும்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் பேசுவேன், இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பை நம்பாதே.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் மறந்துபோகும். சமையலறைக் குழாய் மூன்று வாரமாகச் சொட்டுகிறது. முப்பது வருஷம் பஸ் எஞ்சினைக் கழற்றி மாட்டியவருக்கு இந்தச் சுண்டுவிரல் அளவு குழாய் தண்ணி காட்டுகிறது. ஆள் வைத்துச் செய்யலாம் என்று நான் வாயைத் திறந்தால் அது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிடுகிறது. இப்போதுகூட வாஷர் வாங்கக் கடைக்குத்தான் போயிருக்கிறார், இது நான்காவது வாஷர். சித்தி புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள், போட்டதிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் எங்கெங்கே அழுக்கு இருக்கிறது என்று எனக்கு வகுப்பெடுக்கிறாள். ஆஸ்பத்திரியில் எங்கள் துணி அறைக்குப் புது இஸ்திரி எந்திரம் வந்திருக்கிறது, ஒரு நேரத்தில் நாலு படுக்கை விரிப்பைத் தேய்த்துத் தள்ளுகிறது. எங்கள் மேற்பார்வை அம்மா, நாங்கள் நீராவி என்று கூப்பிடுவோமே, அவர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அவர் சீறாத துணி அறையை எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நீ ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறாய், உன் கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா. அந்தப் பல் பட்டறைத் தூசியில் முகமூடி இல்லாமல் உட்காராதே, மூச்சு விடும்போது நெஞ்சில் சத்தம் வருகிறது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

சரி, இனி சுற்றி வளைக்க என்னிடம் சேதி இல்லை. கண்ணு, நான் உன்னிடம் பொய் சொன்னேன். வாசகர் வட்டத்தில் என் கதை எல்லோருக்கும் பிடித்திருந்தது, கைதட்டினார்கள் என்று சொன்னேனே, அதில் ஒரு வார்த்தை உண்மை இல்லை. நீ அந்தப் பக்கம் சந்தோஷத்தில் கத்தி, கூட இருக்கும் பெண்ணையும் எழுப்பி, எங்கம்மா எழுத்தாளர் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பொய்க்கு நான் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. போன வாரம் நீ, கதையைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன், மாசக் கடைசிக்குள் சரியென்று சொல்லு என்றாய். அதுகூடப் பரவாயில்லை. உன் தைரியத்தைப் பார்த்து நானும் எழுதியிருக்கேம்மா, எங்க பட்டறை ஆட்கள் முன்னாடி படிக்கப்போறேன் என்றாய். இல்லாத ஒரு தைரியத்தைப் பிடித்துக்கொண்டு என் பிள்ளை நாலு பேர் முன்னால் போய் நிற்கப்போகிறாள்.

நடந்தது இதுதான். நூலகத்து மாடி அறையில் சனிக்கிழமை ஐந்து மணிக்கு அந்த வட்டம் கூடும் என்பது உனக்குத் தெரியும், நீதானே சேர்த்துவிட்டாய். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கதையை எழுதியது யார் என்று முன்னால் சொல்ல மாட்டார்கள். பேர் இல்லாத பிரதியை ஆளுக்கொன்று கொடுத்து, எல்லோரும் பேசி முடித்தபிறகுதான் நூலகப் பெண், எழுதியவர் விரும்பினால் கை தூக்கலாம் என்பாள். எழுதியவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது இல்லையா, ஆனால் அதனால் என்ன ஆகும் என்றால் யார் பேசாமல் இருக்கிறார்களோ அவர்கள்மேல்தான் எல்லோர் கண்ணும். நீ அச்செடுத்துக் கொடுத்த பத்துப் பிரதியை நான் முதல் நாளே நூலகப் பெண்ணிடம் ரகசியமாகக் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றினால் போகாமல் இருந்துவிடுவேனோ என்ற பயத்தில், ஆஸ்பத்திரிக் கோட்டோடு நேரே போய் உட்கார்ந்தேன்.

முதலில் பேசியது பேராசிரியர். அவர் பேராசிரியர் இல்லை, மின்சார அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கட்டமைப்பு கட்டமைப்பு என்று பேசுவதால் அந்தப் பேர். கதையில் அந்தத் துணி அறைக்காரி செத்துப்போன தன் பிள்ளையின் சட்டையைத் துவைத்துத் தேய்த்து, ஒப்படைப்புச் சீட்டில் கொடுத்தவர் என்ற இடத்திலும் பெற்றவர் என்ற இடத்திலும் தானே கையெழுத்துப் போடுகிறாளே, அது நாடகம் என்றார். எந்த ஆஸ்பத்திரியில் அப்படி விடுவார்கள், அழவைக்க வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டு எழுதிய கதை என்றார். அடுத்து தையல்காரர். அவர் நிதானமானவர், வம்புக்குப் பேசுகிற ஆள் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கோட்டில் இருந்து பட்டனைப் பிய்த்து அந்தச் சட்டையில் தைக்கிறாள் என்று வருகிறது, கோட்டுப் பட்டன் பெரிசு, குழந்தைச் சட்டைக் காஜாவில் நுழையவே நுழையாது, எழுதினவருக்குத் தையல் தெரியாது, கற்பனை என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசப் பேச வட்டம் சுற்றி என் பக்கம் வந்துகொண்டே இருந்தது. நானும் ரொட்டிக் கடைக்காரரும்தான் பாக்கி. அவர் எப்போதுமே பேசாதவர், அதனால் அவரை யாரும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் பேசாமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற ஒன்று மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா. "நான் துணி அறையிலதான் வேலை பாக்குறேன். அப்படியெல்லாம் எந்த அம்மாவும் செய்ய மாட்டா. பெத்தவளுக்கு அந்த நேரத்துல கையில ஊசி நிக்குமா?" அப்பாடா, விஷயம் தெரிந்த ஒருத்தி சொல்லிவிட்டாள் என்று எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. பேராசிரியர் என் பக்கம் கையைக் காட்டி, பாருங்கள், அனுபவம் பேசுகிறது என்றார். கடைசியில் நூலகப் பெண், எழுதியவர் கை தூக்கலாம் என்று என்னைப் பார்க்காமல் சொன்னாள். நான் என் கையை மடியில் வைத்து மற்றக் கையால் அழுத்திக்கொண்டிருந்தேன்.

இதில் என்ன இவ்வளவு அழுகை, கதை என்றால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லத்தான் செய்வார்கள் என்று நீ நினைப்பாய். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நம் சின்னவனை நினைத்து எழுதியது என்று நீயாகவே கண்டுபிடித்தாய், தட்டச்சு செய்து முடித்துவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாய். அந்தச் சட்டையும் பட்டனும் மட்டும் எப்படிம்மா உனக்குத் தோணிச்சு என்று கேட்டாய். சும்மா தோணிச்சு என்றேன். தோன்றவில்லை கண்ணு. செய்தேன்.

அப்போது உனக்குப் பதினொரு வயது, உன்னைச் சித்தி வீட்டில் விட்டிருந்தோம். அவன் போய், பத்து நாள் விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று காலை, வார்டில் இருந்து வந்த மூட்டைகளோடு சீட்டுக் கட்டிய ஒரு சின்னப் பையும் வந்தது. இறந்தவர்கள் உடுப்பை நாங்கள் துவைத்துத் தேய்த்து, கிழிசல் தைத்து, பட்டன் விட்டிருந்தால் வைத்து, வீட்டாரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும், அதுதான் எங்கள் அறை வழக்கம். சீட்டில் அவன் பேர் இருந்தது. அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. ஊசி போடுகிற அவசரத்தில் யாரோ முன்பக்கத்தைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள், மூன்றாவது பட்டன் போயிருந்தது. பட்டன் டப்பாவில் துழாவினேன், கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. என் கோட்டின் மூன்றாவது பட்டனை வெட்டி எடுத்துத் தைத்தேன். நீராவி பார்த்துக்கொண்டு நின்றார், அன்றைக்கு அவர் சீறவில்லை. சீட்டை என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். கொடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பெற்றவர் என்ற இடத்திலும் போட்டேன். வேறு யார் போடுவது.

எத்தனை கோட்டு குடுத்தாலும் மூணாவது பட்டனை மட்டும் எங்கேம்மா தொலைக்கிறே என்று நீ என்னைக் கேலி செய்வாயே. நான் தொலைப்பதில்லை. புதுக் கோட்டு கொடுக்கும்போதெல்லாம் முதல் வேலையாக அதை வெட்டி எடுத்துவிட்டு ஊக்கு குத்திக்கொள்வேன். பதினேழு வருஷமாக அப்படித்தான். முழுசாகப் பூட்டிய கோட்டோடு என்னால் அந்த அறையில் நிற்க முடியாது. அப்பா மூன்று தடவை பட்டன் அட்டை வாங்கி வந்தார், நான்காவது தடவை வாங்கவில்லை. அவர் என்ன புரிந்துகொண்டார் என்று நானும் கேட்கவில்லை. சட்டை பீரோவில் அடித்தட்டில், நீ பழைய திரைச்சீலை என்று நினைக்கிற பொட்டலத்துக்குள் இருக்கிறது.

இப்போது புரிகிறதா நான் எதைப் பொய் என்று சொன்னேன் என்று. எனக்கு எழுத வராது என்று நாலு பேர் சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு எழுந்திருப்பேன். என் பிள்ளைக்கு நான் கடைசியாகச் செய்த வேலையை, எந்தத் தாயும் செய்ய மாட்டாள் என்று நானே என் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். எதற்காக. அந்த ஒன்பது பேர் என்னைப் பார்த்து இவள்தானா எழுதினாள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. இவ்வளவு கேவலமான பயம் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அவனைப் பெற்றவள் நான் இல்லை என்று சொன்ன மாதிரி இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் அந்த வார்த்தைதான் வருகிறது, இஸ்திரி எந்திரத்தின் முன் நின்றாலும் அதுதான் வருகிறது.

இன்னும் ஒன்று. கூட்டம் கலைந்து எல்லோரும் காபி ஊற்றிக்கொண்டு நின்றபோது ரொட்டிக் கடைக்காரர் எனக்கு ஒரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தார். ஒவ்வொரு பட்டனாக மேலிருந்து கீழே பார்த்து ஊக்கில் வந்து நின்றார். "ஊக்கு குத்திடப்போகுதும்மா, பாத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு அதட்டல் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த இரக்கத்தைத் தாங்க முடியாமல் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன். அதோடு நாலு சனிக்கிழமை போகவில்லை. உன்னிடம் போய்வந்ததாகச் சொன்னது எல்லாம் கட்டுக்கதை. நான் எழுதிய கதையை யாரும் நம்பவில்லை, கட்டிவிட்ட கதையை மட்டும் நீ நம்பினாய்.

நேற்று போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று, குறைந்தது அவர் ஒருவரிடமாவது சொல்லிவிடுவது என்று, வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் நாற்காலி காலியாக இருந்தது. கடையை விற்றுவிட்டு மகன் ஊருக்குக் குடிபோய்விட்டார், போய் இரண்டு வாரம் ஆகிறது என்று நூலகப் பெண் சொன்னாள். போகிற அன்று வந்து விசாரித்தாராம், அந்தப் பட்டன் கதையை எழுதினவங்க திரும்ப வந்தாங்களா என்று. மற்றவர்கள் வேறு ஏதோ கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கதை யாருக்கும் ஞாபகமே இல்லை. நான்தான் ஒரு மாதமாக அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு காபி ஊற்றப் போனேன், பிளாஸ்க் கீழே ஏதோ காகிதம் மடித்து வைத்திருந்தது. மேசையில் கறை படாமல் இருக்க. எடுத்துப் பார்த்தால் என் கதை. முதல் பக்கத்தில் தலைப்பைச் சுற்றி வட்டமாகக் காபிக் கறை. யாரும் பார்க்காதபோது கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன், என் கதையை நானே திருடிக்கொண்டு.

இனிமேல் ஒரு வரி யாருக்கும் காட்ட மாட்டேன், பத்திரிகைக்கு அனுப்பாதே, இந்தப் பேச்சையே எடுக்காதே என்று சொல்லத்தான் காலையில் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இரும்புப் பெட்டியில் நான் கதை எழுதி வைத்திருக்கும் மற்றச் சீட்டுக் கட்டுகளையும் கிழித்துவிடுவது என்று இருந்தேன். கறை பட்ட பிரதியைத்தான் முதலில் கையில் எடுத்தேன். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்தேன். படித்தபோது தெரிந்தது, தையல்காரர் சொன்னது சரி. காஜாவில் அந்தப் பட்டன் நுழையாதுதான். நான் என்ன செய்தேன் என்பதை எழுதாமல் தாண்டிப் போயிருக்கிறேன். எழுதும்போது அந்த இடத்தில் கை நின்றது, பட்டனைத் தைத்தாள், மடித்து வைத்தாள் என்று போட்டுவிட்டு ஓடிவிட்டேன். அவர்கள் நம்பாததற்கு அவர்கள்மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நான் பயந்து ஓடிய இடம் அவர்கள் கண்ணில் ஓட்டையாகத் தெரிந்திருக்கிறது.

அந்த ஓரத்தில் இப்போது பேனாவால் எழுதிவிட்டேன். இதுதான் அது: காஜா சின்னதாக இருந்தது. பிளேடால் கீறிப் பெரிதாக்கி, நூல் பிரியாமல் ஓரத்தைச் சுற்றித் தைத்தாள். இதைப் பூட்டிக்கொள்ள ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பூட்டிப் பார்த்தாள். பூட்டிக்கொண்டது.

இதை எழுத எனக்குப் பதினேழு வருஷமும் ஒரு காலையும் ஆயிற்று. எழுதியபிறகு நிம்மதி வந்தது என்று சொன்னால் அது அடுத்த பொய். வரவில்லை. அடுத்த சனிக்கிழமை போவேனா, போனால் வாய் வருமா, தெரியாது. உண்மை தெரிந்த ஒரே மனிதரும் ஊரை விட்டுப் போய்விட்டார். ஆனால் உன் பட்டறையில் நீ படிக்கப்போவதை மட்டும் நிறுத்திவிடாதே. என் தைரியத்தைப் பார்த்துப் படிக்காதே, அது கிடையாது. யாராவது இது பொய் என்று சொன்னால், என்னை மாதிரி கூடச் சேர்ந்து தலையாட்டாதே. கையைத் தூக்கு. நடுங்கினாலும் தூக்கு, நடுங்குகிறது என்று எட்ட இருந்து யாருக்கும் தெரியாது.

அப்பா வந்துவிட்டார், வாஷர் இந்தத் தடவையும் அளவு தப்பு. இவ்வளவு நேரம் என்ன எழுதுறே என்று கேட்டார், பெரியவளுக்குக் கடிதம் என்றேன். நான் விசாரிச்சேன்னு எழுது என்றார், எழுதிவிட்டேன். சித்தியும் உன்னைக் கேட்டாள். உனக்கு ஒரு தீங்கும் வராமல், தலை நிமிர்ந்து, நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உன்கூட இருக்கும். பல்லைக் காட்டு, முகமூடி போடு, வேளைக்குச் சாப்பிடு.

கறை பட்ட பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். தலைப்புக்குக் கீழே நீ காலியாக விட்டிருந்த இடத்தில் என் பேரை எழுதியிருக்கிறேன், கறைமேல் மை கொஞ்சம் ஊறிவிட்டது. பத்திரிகைக்கு அனுப்புவதும் அனுப்பாததும் படித்துவிட்டு நீ சொல். கடைசிப் பக்கத்தின் அடியில் எங்கள் அறைச் சீட்டில் இருப்பதுபோல இரண்டு கோடு போட்டு, ஒன்றில் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றதில் நீ போட்டு அனுப்பு. இந்தத் தடவையும் இரண்டையும் நானே போட என்னால் முடியாது.

கொடுத்தவர்: இதை எழுதியவள், உன் அம்மா

பெற்றவர்: